மாடு வந்தால் அழுத்தணும், ஆடு வந்தால் அழுத்தக் கூடாது

எனக்குச் சாமி வரும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவளும் நான்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை பொன்னியம்மன் கோயில் வாசலில் தலைமயிரை விரித்துப்போட்டுக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவரை "டேய்" என்று கூப்பிடுவேன். மறுநாள் காலையில் அதே கையால் கரும்பலகையில் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று படம் போடுவேன். அந்தத் திங்கட்கிழமைகளில் மட்டும் வகுப்பில் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். வீட்டுப்பாடம் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஊர் உத்திரமேரூர் பக்கம். பேரைச் சொன்னால் பொன்னியம்மனுக்குக் கோபம் வருமோ வராதோ, என் வீட்டுக்காரருக்கு வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

சாமி வருவது என்றால் கண்டபடி வந்துவிடுவதில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. பம்பைக்காரர் பம்பையை அடித்துக்கொண்டே வர்ணிப்பு பாடுவார். முதலில் பெரிய பெரிய ஊர் அம்மன்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிடுவார். பிறகு பாலாற்றங்கரை, செய்யாற்றங்கரை என்று ஒவ்வொரு ஊராக வருவார். எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி எங்கள் ஆத்தாளைக் கூப்பிடும்போதுதான் எனக்கு வர வேண்டும். ஆனால் உடம்பு அதற்கு வெகு முன்னாலேயே தயாராகிவிடும். முதலில் வலது கால் கட்டைவிரல் துடிக்கும். பிறகு பிடரியில் ஒரு குளிர் ஏறும். அங்கிருந்து எங்கள் ஊர்ப் பேர் வருகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முன்கூட்டியே ஆடிவிட்டால் பம்பைக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். "இன்னா டீச்சரம்மா, பாட்டு பாதி கூட ஆவல, அதுக்குள்ள வந்துட்டா நான் இன்னா பண்றது?" என்று ஒருமுறை கேட்டே விட்டார். இருபத்தாறு வயதில் எனக்கு முதன்முதலாக வந்தது. அப்போதெல்லாம் அரைமணி நேரம் கூடச் சும்மா பிடித்து வைத்துக்கொண்டு நிற்பேன், நடுவில் பக்கத்தில் நிற்பவளிடம் அடுப்பில் பால் வைத்தது பற்றிப் பேசவும் பேசுவேன்.

அறுபது தாண்டியதும் பிடி தளர்ந்துவிட்டது.

முதலில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில். எனக்கு முன்னால் நின்ற ஆளின் சட்டைப் பையில் போன் அடித்தது. ரிங்டோனாகப் பம்பை வைத்திருந்தான், பாவி. அவன் எடுத்து "அலோ" என்பதற்குள் எனக்கு வந்துவிட்டது. அப்புறம் காவாந்தண்டலத்தில் ஒரு கல்யாணத்தில், பேண்டு வாத்தியம் ஆரம்பித்ததும் பந்தியில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில். மாப்பிள்ளை வீட்டார் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டது அவர்கள் பெருந்தன்மை. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் வீட்டு வாஷிங் மெஷின். பின்கட்டுத் தரை கொஞ்சம் பள்ளம், மெஷின் ஒரு காலில் நிற்கும். துணி பிழிகிற கட்டம் வந்தால் தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு புதன்கிழமை காலையில் அந்தத் தாளத்துக்கு ஆத்தாள் இறங்கிவிட்டாள். வீட்டுக்காரர் ஓடி வந்து, எலுமிச்சம்பழம் தேடிக் கிடைக்காமல், பிரிட்ஜிலிருந்த ஊறுகாய் பாட்டிலை என் கையில் கொடுத்தார். அதிலும் சாமி மலையேறிவிட்டது.

"டீச்சரே," என்றார் அவர், நான் தண்ணீர் குடித்து முடித்ததும். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். "இனிமே துணிய கல்லுலயே தோய்ச்சிக்கலாம். மெஷின் போட்டா அபிஷேகத்துக்கு ஏற்பாடு பண்ணணும் போலக் கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. இது சாமியா, வயசா என்று கேட்கிறார்கள். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்?

விளக்கம் சொன்னவள் என் மருமகள். மகன் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, அவன் வீட்டில் தூங்குவதைத்தான் நாங்கள் பார்ப்போம். மருமகள் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆராய்ச்சி எதைப் பற்றி என்றால், வயதானவர்கள் தங்களை அடக்கிக்கொள்ளும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. நாலு வருஷமாக அதே வேலை. வாஷிங் மெஷின் விவகாரத்தன்று சாயங்காலம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"செய்ய வர்ற ஒரு காரியத்தை நிறுத்தணும்னா நெத்திக்குப் பின்னாடி மூளை வேலை செய்யணும் அத்தை. வயசுப் பசங்களுக்குப் பெரும்பாலும் வலது பக்கமே போதும். வயசானவங்களுக்கு அதே வேலைக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்யுது. அதிகமா உழைச்சு அதே அளவு அடக்கறாங்க. அதுக்கும் மேல பாரம் ஏறினா விட்டுடுது."

வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அதாம்மா, நெல்லு மூட்டைய ஒத்தையா தூக்கினவன் இப்ப கூட ஒரு ஆள கூப்புடறான். ரெண்டு பேரும் சேர்ந்தும் முடியலன்னா கீழ போட்டுடறாங்கோ."

"அதேதான் மாமா," என்றாள்.

நாலு வருஷம் நான் கேட்டும் புரியாத ஆராய்ச்சி அந்த மனுஷனுக்கு ஒரு மூட்டையில் புரிந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த ஆராய்ச்சிக்கு வயதானவர்களை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து ஒரு பரீட்சை வைக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் அலைந்து அவளே ஆள் பிடித்தாள். ஒருவர் பாக்கி. பழையசீவரத்துப் பெரியவர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார், கடைசி நேரத்தில் கண்ணில் ஆபரேஷன் என்று நின்றுவிட்டார். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த மெஷினை ஞாயிற்றுக்கிழமைதான் தருவார்கள். மருமகளுக்குக் கொடுத்த கடைசி ஞாயிறு அது. அவளுடைய கைடு, அதாவது வழிகாட்டிப் பேராசிரியர், அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் புது கைடு தேட வேண்டும், அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார். கூடப் படித்த ஒருத்தி அப்படி மாட்டிக்கொண்டு இன்னும் முடிக்கவில்லையாம். சனிக்கிழமை இவள் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றேன்," என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் கூடாதா என்று கைடைப் போனில் கேட்டாள். தடையில்லை என்றார். அப்புறம் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். உடம்புக்குள் இரும்பு, கம்பி ஏதாவது வைத்திருக்கிறதா? இல்லை. வலிப்பு? இல்லை. கை நடுக்கம்? இல்லை. அடைத்த இடத்தில் பயம்? சமையலறையில் நாற்பது வருஷம் இருந்தவளுக்கு அடைத்த இடத்தில் என்ன பயம்? இல்லை. சாமி வருமா என்று ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. அவளும் கேட்கவில்லை. ஸ்கேன் அறையில் யார் பம்பை அடிக்கப்போகிறார்கள்?

ஞாயிறு காலை உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குவதே பெரிய பேஜாராகிவிட்டது. மூக்குத்தி முப்பது வருஷமாகக் கழற்றாதது. தேங்காய் எண்ணெய் போட்டு வீட்டுக்காரர் திருகினார், நான் கத்தினேன், தெரு வேடிக்கை பார்த்தது. தாலிச் சரட்டைக் கழற்றினால் அதில் ஐந்து ஊக்கு தொங்கியது. அவசரத்துக்கு ஆகும் என்று எந்தப் பெண்தான் மாட்டி வைக்கவில்லை? மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். "என்னைய ஒரு வார்த்தை கேக்காம சரட்ட அவுத்துட்டியே," என்று அவர் சொன்னார். "நாஷ்டா பண்ணிட்டுப் போய் வேலையப் பாருங்க," என்றேன்.

மெஷின் ஒரு பெரிய வெள்ளை உருளை, நடுவில் ஓட்டை. படுக்க வைத்து, காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, தலைக்கு மேல் ஒரு கூண்டை மாட்டினாள். கண்ணுக்கு நேரே சிறு கண்ணாடி, அதில் திரை தெரிந்தது. வலது கையில் ஒரு பட்டன். இடது கையில் ஒரு ரப்பர் பந்து.

"மாடு வந்தா அழுத்தணும் அத்தை. ஆடு வந்தா அழுத்தக் கூடாது. மாடு நிறைய வரும், ஆடு எப்பவாவதுதான் வரும். உங்க விரல் பழக்கத்துல போய்டும், அதை நிறுத்தணும். அவ்ளோதான். தலை மட்டும் அசையவே கூடாது. அசைஞ்சா படம் முழுக்க வீணாயிடும். ரொம்ப முடியலன்னா பந்தை அமுக்குங்க, வெளிய எடுத்துடறோம்."

"அமுக்கினா?"

"அமுக்கினா அவ்ளோதான் அத்தை. இன்னிக்கு நமக்கு இந்த ஒரு மணி நேரம்தான்."

உள்ளே தள்ளினார்கள். திரையில் மாடு வந்தது. அழுத்தினேன். மாடு. மாடு. மாடு. ஆடு வந்தது, விரலை நிறுத்தினேன். கொல்லையில் ஆடு புகுந்தால் சும்மா இரு என்று எவனாவது சொல்வானா என்று நினைத்துக்கொண்டேன். இதற்கா நாலு வருஷம் என்றும் நினைத்தேன்.

அப்போது மெஷின் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் டக், டக், டக் என்றது. சரி, மெஷின் என்றால் சத்தம் இருக்கும். பிறகு கொஞ்சம் நிறுத்தி, ட்ர்ர்ர் என்று ஓர் உருட்டு. அதற்கப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், டண்டணக்கு டண்டணக்கு என்று, எங்கள் பம்பைக்காரர் கடைசிச் சுற்றில் அடிப்பாரே, அச்சு அசல் அதே அடி. காதில் பஞ்சு இருந்து என்ன பிரயோசனம்? எலும்பு வழியாக உள்ளே வந்தது. அதில் இன்னொரு அநியாயம், இங்கே வர்ணிப்பு கிடையாது. ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்து அவகாசம் கொடுக்க ஆளே இல்லை. நேராகக் கடைசி அடி.

வலது கால் கட்டைவிரல் துடித்தது.

ஐயோ, என்று மனசுக்குள் கத்தினேன். மாடு வந்தது, அழுத்தினேன். பிடரியில் குளிர் ஏறியது. தலை ஒரே ஓர் ஆட்டம் கேட்டது, ஒன்றே ஒன்று. இடது கையில் பந்து இருந்தது. அதை அமுக்கினால் தப்பித்தேன், மருமகள் தொலைந்தாள். அமுக்காமல் ஆத்தாள் வந்துவிட்டால் நான் தலையைச் சுழற்றுகிற வேகத்தில் அந்தக் கூண்டு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. என் உடம்பெல்லாம் வேர்த்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஆத்தாளிடம் டீச்சராகப் பேசினேன். வாயைத் திறக்காமல்தான். "ஆத்தா, இன்னிக்கு வாணாம். இது காந்தம். சாதாரணக் காந்தம் இல்ல, அலமாரியவே இழுக்கற காந்தம். உன் கையில சூலம் கீது. இரும்பு. உள்ள வந்தா ஒட்டிக்கும், அப்புறம் ஞாயித்துக்கிழமையில ஆளக் கூப்ட்டு பிரிக்கணும். நானே மூக்குத்திய கழட்டி வெச்சிட்டுத்தான் வந்திருக்கறேன். ஆடியில வா. எத்தினி நேரம் வேணாலும் ஆடு. அந்தப் பொண்ணு நேத்துல இருந்து சாப்புடல ஆத்தா."

கேட்டாளா இல்லையா தெரியாது. அடி நிற்கவில்லை. தனிம வரிசையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், மாடு, அழுத்து, பெரிலியம், போரான், ஆடு, அழுத்தாதே, கார்பன். கால்சியம் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப ஹைட்ரஜனுக்கு வந்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. கட்டைவிரல் கடைசி வரை துடித்துக்கொண்டே இருந்தது. தலை அசையவில்லை.

வெளியே இழுத்தபோது என் ரவிக்கை நனைந்திருந்தது. மருமகள் ஓடி வந்து கூண்டைக் கழற்றிவிட்டு, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, ஒரு துளி அசைவு இல்ல! இத்தனை பேர்ல இவ்ளோ சுத்தமா யாரும் கொடுக்கல!"

நாலு நாள் கழித்துப் படங்கள் வந்தன. லேப்டாப்பை மேசையில் வைத்துக் காட்டினாள். சிவப்பும் மஞ்சளும் கம்ப்யூட்டர் அப்புறம் போடுகிற நிறம், எங்கே ரத்தம் அதிகம் ஓடியதோ அங்கே போடும் என்றாள். ஒப்பிட்டுப் பார்க்க அவள் ஸ்கேன் எடுத்திருந்த காலேஜ் பசங்கள் மூளையில் வலது பக்கம் ஒரு பொட்டு. வயதானவர்கள் மூளையில் இரண்டு பக்கமும் பொட்டு. என்னுடையது? நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் திருவிழா சீரியல் பல்பு.

"இவ்ளோ சுலபமான பரீட்சைக்கு இவ்ளோ வேலையா செய்யும்? நான் சொல்ல வந்தது அப்படியே உங்க படத்துல இருக்கு அத்தை," என்றாள். சாப்பாட்டுத் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஏன் என்றால், அந்தப் பல்பெல்லாம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எரிந்ததில்லை. பொன்னியம்மனைத் தடுத்து நிறுத்தியதற்கு எரிந்தது. ஆட்டைப் பார்த்து விரலை நிறுத்துவதற்கு எனக்கு எவ்வளவு மூளை வேண்டியிருந்தது என்பது அந்தப் படத்தில் இல்லவே இல்லை. ஊசலின் அலைவு நேரத்தை அளக்கச் சொன்னால், பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதிவிட்டு வருவார்கள் என் மாணவர்கள். "வந்தத எழுதுடா, வர வேண்டியத எழுதாத" என்று எத்தனை பேர் காதைத் திருகியிருப்பேன். இப்போது நானே ஒரு தப்பான அளவாகப் போய் அவள் ஆய்வேட்டுக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, சூலம் ஒட்டிக்கொள்ளும் என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து இருமினார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கம்முனு கெட. சாமியே யார்கிட்டயும் சொல்லல, உனுக்கு இன்னா?" என்றார்.

கம்மென்றுதான் கிடந்தேன், ஒரு வாரம். அந்த ஒரு வாரம் என்னை மெஷினில் போட்டிருந்தால் பல்பு வெடித்திருக்கும். ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். பால்காரரோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. சாயங்காலம், சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் லேப்டாப்போடு வந்து அரிசி டிரம் மேல் உட்கார்ந்தாள்.

"அத்தை, நாளைக்குக் கைடு கிட்ட காட்டப்போறேன். வயசானவங்களுக்கு உதாரணமா உங்க படத்தைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

"அத எடுத்துடு," என்றேன்.

"என்னது?"

சொன்னேன். கட்டைவிரல், பிடரி, கடைசி அடி, காந்தம், ஹைட்ரஜன், எல்லாவற்றையும். கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவரை டேய் போட்டவளுக்கு மருமகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, கூடக் கொண்டுவந்த ஆய்வுத் தாளையும் பேனாவையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரை எடுத்துட்டா கூடப் பரவாயில்ல, கைடு கிட்டப் பேசிப் பார்க்கலாம்," என்றாள் மெதுவாக. "ஆனா அத்தை, அப்ப மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு இன்னா? அவங்களுக்கெல்லாம் சாமி வராதே."

"வேற ஏதாவது வந்திருந்தா?"

போனை எடுத்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "கேக்காத. கேட்டா உன் நாலு வருஷமும் ஆட்டம் கண்டுடும். என்னோடத மட்டும் எடுத்துட்டு மீதியக் கொடுத்துடு," என்று கெஞ்சினேன். வந்ததை எழுதுடா என்று காதைத் திருகிய அதே வாய்தான். அவள் என் கையை விலக்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

முதலில் ஒரு காலேஜ் பையன். உள்ளே இருந்தபோது எதையாவது அடக்கிக்கொண்டிருந்தாயா என்று கேட்டாள். "இல்ல மேடம். செம போர். தூக்கம்தான் வந்துச்சு," என்றான்.

அடுத்தது காவாந்தண்டலத்து விவசாயி, எழுபது வயதுக்காரர். "இருமல் வந்துச்சும்மா. அதுக்குன்னே வந்து உக்காந்துகிச்சு நெஞ்சுல. நீ அசையக் கூடாதுன்னியே. எங்க கொல்லையில எத்தினி தென்ன கீதுன்னு எண்ணிக்கினு கெடந்தேன். வெளிய வந்து பாத்ரூம்ல போயி ஒரு கால்மணி நேரம் இருமினேன்."

ஓரிக்கைப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு இருமல் இல்லை, ஒன்றுக்கு வந்துவிட்டதாம். "உள்ள போறதுக்கு முன்னாடியே வந்துச்சு. பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். உன் மாடெல்லாம் எனக்குத் தண்ணி குடிக்கற மாடாவே தெரிஞ்சுது," என்றார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மருமகளுக்கும் உதடு துடித்தது. அடக்க முடியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்தப் பக்கத்தில் அவரும் சிரித்தார்.

ஆய்வேடு என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. அந்த மாதம் அது போகவில்லை. மறுநாள் கைடிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர், ஒவ்வொருவரையும் இந்தக் கேள்வி கேட்டு எழுதாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்றாராம். மாதக் கடைசியில் மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். புது கைடு வந்து முதலிலிருந்து பார்க்கிறார். என் ஒரு வாயால் அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் போயிற்று, அதற்கு மேலும் போகலாம்.

போன் போட்டுக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலம், கடைசியாக ஒரு அம்மாளைக் கூப்பிட்டாள். பழையசீவரத்துக்கு அந்தாண்டை, ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பில் இருப்பவர். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை. பேரனின் போனில்தான் பிடிக்க முடிந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம்.

"உள்ள இருந்தப்ப ஏதாவது கஷ்டமா இருந்துச்சாம்மா? எதையாவது அடக்கிக்கிட்டு இருந்தீங்களா?"

"எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு கண்ணு. மூச்சு முட்டிச்சு. எங்க வூட்டுக்காரர குழியில எறக்கின நெனப்பு வந்துடுச்சு. நாமளே உள்ள போயிட்ட மாதிரி."

மருமகள் கையில் பேனா அப்படியே நின்றது. "ஐயோ, அப்ப அந்தப் பந்தை அமுக்கியிருக்கலாமேம்மா. நான் சொன்னேனே. உடனே எடுத்திருப்போமே."

"சொன்ன. சொன்ன. பந்து கையிலதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அமுக்கல?"

அந்தப் பக்கத்தில் கோழி கொக்கரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாள் அதை விரட்டிவிட்டு வந்தார்.

"அந்தக் கூண்ட என் தலையில மாட்டறப்ப உன் கை நடுங்கிச்சே கண்ணு. ரெண்டு தபா தவறிச்சு. புள்ள எதுக்கோ பயந்துகினு கீது, நம்மளால அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு கெடந்தேன். ஏன் கண்ணு, நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சும்மா," என்றாள் மருமகள். போனை வைத்தாள்.

வயது, படிப்பு, வலது கையா இடது கையா, எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று கட்டம் கட்டமாகப் போட்ட தாள் அவள் மடியில் இருந்தது. அந்த அம்மாளின் வரிசையில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரத்துக்கு வந்ததும் விரல் தாளை விட்டு வெளியே போய்விட்டது.

"இதை எங்க எழுதறது அத்தை?" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கீரையைக் கீழே வைத்துவிட்டு, டிரம்மில் அவள் பக்கத்தில் கொஞ்சம் இடம் பார்த்து உட்கார்ந்தேன். அடக்க முயற்சி செய்யாமல் நானும் அழுதேன்.